திட்டம் போன பிறகு

ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இன்றைய புதுச்சேரியை அடுத்த பாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் எழுதிவைக்கப்பட்டன என்கிறது பாகூர்ச் செப்பேடு. ஊர் உழைத்தது, கல்லூரி படித்தது. படித்தவர்கள் அந்த மூன்று ஊர்களுக்கு என்ன திருப்பித் தந்தார்கள் என்று கேட்கும் வழக்கம் அன்று இல்லை. இன்று கேட்கிறோம், அதற்கென்றே நிலைத்த ஊரக வளர்ச்சி என்று ஒரு பட்டப்படிப்பும் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் படிப்பு ஊரைப் போய்ப் பார்க்கிற சமயம் சரியில்லை என்பது என் கட்சி. திட்டம் எப்படித் தீட்டுவது என்பதில் பாடம் தொடங்குகிறது. திட்டம் முடிந்து, ஜீப்பும் அதிகாரிகளும் போய், பெயர்ப்பலகை துருப்பிடித்து நிற்கும் நாளிலிருந்து அது தொடங்க வேண்டும்.

படிப்புக்கு நல்ல பரம்பரைதான். 1948-49இல் ராதாகிருஷ்ணன் ஆணையம் ஊரகப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டி அருகே 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில் 1956இல் ஊரக உயர்கல்வி நிறுவனம் வந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர் ஊருக்குள் போய்த் தங்குவது அங்கே பாடத்திலேயே சேர்ந்த வேலை. அந்த எண்ணம் மற்ற இடங்களுக்குப் பரவியபோது பெரும்பாலும் சுருங்கிப்போயிற்று: சில நாள் முகாம், தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம், நீண்ட கேள்விப் படிவம், கடைசியில் ஓர் ஆய்வேடு. (கோலப்பொடியைக் குறை சொல்லவில்லை. ஊர்ப் பெண்கள் போடும் வரைபடம் பல தாலுகா ஆபீஸ் வரைபடங்களைவிட உண்மையானது.) ஓர் ஏரி நிரம்பி வற்றுவதைப் பார்க்கவே ஒரு வருஷம் வேண்டும். ஒன்று நிலைத்ததா என்று சொல்லப் பத்து வருஷமாவது வேண்டும்.

அந்தப் பத்து வருஷம் ஏற்கெனவே கடந்துபோன இடங்கள் புதுச்சேரியைச் சுற்றி, டவுன் பஸ் போகும் தூரத்திலேயே கிடக்கின்றன. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் இங்கேதான், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், தொடங்கியது. 1991இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உயிரி கிராமத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1998இல் அதே நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து ஊர்களில் தகவல் மையங்கள் திறந்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று, இன்னொரு மீனவ ஊரான நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரித்து ஊரைக் காலிசெய்ய வைத்தார்கள். உலகம் அந்தத் திட்டத்தைப் புகழ்ந்தது கணினிக்காக. அன்று உயிரைக் காத்தவை ஒரு குழாய் ஸ்பீக்கரும், அதை உடனே போடத் தெரிந்த ஊர்க்காரர்களும். மையம் எல்லாச் சாதியினரும் வந்துபோகும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் நிபந்தனை. கணினி எப்படியும் பழசாகிவிடும். அந்த நிபந்தனை ஊரில் தங்கியதா என்பதுதான் ஒரு முதுகலை மாணவர் எழுத வேண்டிய ஆய்வேடு.

ஏரிகளின் கதை இதைவிடக் கெட்டியானது. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள். பெரிய இரண்டில், ஊசுட்டேரிக்குச் சங்கராபரணியிலிருந்தும், பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகவும் தண்ணீர் வருகிறது. பிரெஞ்சு ஆட்சியில் பாசனத்தைப் பயனாளிகளே நடத்த சிந்திகா அக்ரிகோல் என்ற சங்கங்கள் இருந்தன. பிறகு போர்வெல் வந்தது, மோட்டாருக்கு இலவச மின்சாரமும் வந்தது. சொந்த போர் வைத்தவருக்கு வரத்து வாய்க்காலில் மண் ஏறினால் என்ன? அவரவர் ஆழமாகத் துளைத்தார்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பேறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தபோது, கரையோடு சேர்த்துச் சங்கங்களையும் மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. எவ்வளவு வண்டல் அள்ளினார்கள் என்பது அறிக்கையில் இருக்கும். நிதி நின்றபின் மதகை யார் திறக்கிறார், வாய்க்காலுக்கு யார் காசு போடுகிறார், நிலமில்லாதவருக்குச் சங்கத்தில் பேச்சு உண்டா என்பதெல்லாம் கரைக்குப் போனால்தான் தெரியும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. பிள்ளைக்கு வேலை வேண்டாமா, நிறுவனங்கள் தேடுவது திட்டம் எழுதத் தெரிந்தவரை அல்லவா என்பார்கள். சரிதான். ஆனால் போன திட்டம் எதனால் படுத்தது என்று நேரில் பார்த்தவர் எழுதும் அடுத்த திட்டத்துக்குத்தான் கூடுதல் மதிப்பு. புதுச்சேரியே பாதிக்குமேல் நகரம், 2011 கணக்கில் மக்கள்தொகையில் 68 சதவீதம் நகரவாசிகள், இங்கே என்ன ஊரகம் என்று கேட்பவர்களும் உண்டு. வயல் மனையாகும் இடத்தைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? கனமான மறுப்பு மூன்றாவதுதான்: இரண்டு வருஷப் படிப்பில் பத்து வருஷத்தைப் பார்ப்பது எப்படி? ஒரு மாணவரால் முடியாது, துறையால் முடியும். ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அணியும் அடுத்த அணிக்கு ஒரு பேரேட்டை விட்டுப்போனால் ஐந்தாவது அணிக்குள் ஏரியின் பத்தாண்டுக் கணக்கு கையில் இருக்கும். வருஷா வருஷம் கேள்விக்குப் பதில் சொல்லி ஊர் சலித்துப்போகுமே என்றால், அந்தச் சலிப்பு நியாயம்தான். ஆய்வேட்டின் தமிழ்ப் படி ஒன்றை ஊர்க்கூட்டத்தில் வாசித்து, தப்பு இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்வதை மதிப்பெண்ணுக்குரிய வேலையாகவே வைக்கலாம்.

அங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. பாகூரிலும் வில்லியனூரிலும் கொம்யூன் பஞ்சாயத்துகள் பெயருக்கு இருக்கின்றன. 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தபின் பல வருஷங்களாக மறுபடி தேர்தல் இல்லை. நிர்வாகம் அதிகாரிகள் கையில். ஆய்வேட்டை வாங்கிப் படித்துவிட்டு, எங்கள் ஏரியைப் பற்றி நீ எழுதியது தப்பு என்று சொல்ல, ஊர் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவர் அந்த நாற்காலியில் இல்லை. ஏன் இல்லை என்பதை விசாரிப்பதே அந்தப் பேரேட்டின் முதல் பக்கமாக இருக்கலாம்.