மூங்கிலுக்குத் தெரிந்த ரசாயனம்

மூங்கிலுப்பு என்பது உப்பல்ல. சில மூங்கில்களின் கணுக்களுக்கிடையே ஊறும் நீர் வற்றி, வெள்ளைக் கட்டியாக உறைவதுதான் அது. இருமலுக்கான சிதோபலாதி சூரணத்தில் முக்கியச் சரக்கு. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் மருந்துச் சரக்கு விற்கும் எனக்கு நீண்டகாலப் பழக்கம்.

ராஜா கேசவதாஸ் திவானாக இருந்து சாலையை வளர்த்த காலத்திலேயே இதன் குட்டு வெளிப்பட்டுவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த பாட்ரிக் ரஸ்ஸல் 1790-ல் இதைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே லண்டனில் ஜேம்ஸ் மேசி என்பவர் சோதித்து, மணலில் இருக்கும் அதே சிலிக்காதான் என்று அறிவித்தார். பின்னாளில் ஸ்மித்சன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வித்திட்டவர் இவர்தான்.

அசல் சரக்கு அபூர்வம். எனவே சந்தையில் அதன் பெயரில் ஆலைச் சிலிக்கா தாராளமாகப் புழங்குகிறது. கேரளத்தில் கூவைக்கிழங்கு மாவும் அதன் இடத்தைப் பிடிக்கிறது. மாவை நெருப்பில் போட்டால் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆலைச் சரக்கு அப்படியல்ல. "அண்ணாச்சி, ரெண்டும் சிலிக்கான்னா எது போலி?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

வித்தியாசம் செய்முறையில். ஆலையில் மணலையும் சோடா சாம்பலையும் 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கி, பிறகு அமிலம் சேர்க்கிறார்கள். மூங்கிலிடம் உலை ஏது? வேர் உறிஞ்சும் நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவைக் கொண்டே அது காரியத்தை முடிக்கிறது. நெல்லும் அப்படித்தான் தன் உமியில் சிலிக்காவைச் சேர்க்கிறது.

உயிர்கள் இதை எப்படிச் சாதிக்கின்றன என்பதற்குக் கடலில் தடயம் கிடைத்தது. 1998-ல் கலிஃபோர்னியாவில் டேனியல் மோர்ஸ் குழுவினர், கடற்பஞ்சின் சிலிக்கா ஊசிகளுக்குள் 'சிலிகேட்டீன்' என்ற புரதத்தைக் கண்டார்கள். 1999-ல் ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க்கில் நில்ஸ் குரோகர், மான்ஃப்ரெட் சும்பர் குழுவினர், டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசியின் ஓட்டிலிருந்து 'சிலாஃபின்' புரதங்களைப் பிரித்தார்கள். சிலிசிக் அமிலக் கரைசலில் அவற்றைச் சேர்த்ததும் சில நிமிடங்களில் நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் படிந்தன. சூளை இல்லை, கடும் அமிலம் இல்லை. முழுப் புரதம்கூட வேண்டாம், 19 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டே போதும் என்பதும் தெரிந்தது. 2006-ல், பருப்பில் நிறைய இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தின் உதவியாலேயே ஒரே அளவான நானோ துகள்களை உருவாக்கினார்கள். நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இதில் என்ன லாபம்? மென்மையாக உருவாகும் சிலிக்காவுக்குள் என்சைம்களைச் சிதையாமல் பூட்டி வைக்கலாம். உலைச் சூட்டில் அது நடக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. சிலிக்கா படிகத் தூளாக நுரையீரலில் புகுந்தால் சிலிக்கோசிஸ் வரும். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோரில் சிலேட்டுக் குச்சித் தொழிலாளர்கள் பலரைக் காவு வாங்கியது அதுதான். மூங்கிலில் உறைவதோ படிகமற்றது. பெயர் ஒன்று, குணம் வேறு.

ஆகவே 'சிலிக்காதானே' என்று கைவிரிப்பது வியாபாரத் தந்திரம். எது எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பொட்டலத்தின் மேல் எழுதுவதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. இருமும் குழந்தைக்கு வாங்கிப்போகிறவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.