வீமனும் சின்னாச்சியும் இருந்த மார்கழிகள்

எங்கள் வீட்டில் நத்தார் நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். முந்திரிகை வற்றல், சுல்தானா, பேரீச்சம்பழம், இஞ்சிப்பாகு, பூசணித் தோசி, தோடம்பழத் தோல் எல்லாவற்றையும் அம்மா பொடிப்பொடியாக அரிந்து, பிரண்டி ஊற்றி, பெரிய கண்ணாடிப் போத்தலில் அடைத்து மூடுவார். இலங்கை நத்தார் கேக்குக்குக் கோதுமை மாவைவிட ரவைதான் முக்கியம். கொத்திய கஜு, நிறைய முட்டை மஞ்சட்கரு, தேன், பன்னீர் எல்லாம் சேர்ந்து மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகும். பிறகு அதைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, எண்ணெய்க் கடதாசியில் ஒருமுறையும் மினுங்கல் கடதாசியில் ஒருமுறையும் சுற்றவேண்டும். ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அந்தச் செங்கல் வீட்டின் குசினி வாசலில் இரண்டு நாய்கள் படுத்திருந்து இந்த வேலை முழுவதையும் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். குசினிக்குள் கால் வைக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். பெரியவன் தன் முன்னங்கால் நகங்களைச் சரியாக அந்த வாசற்கோட்டில் வைத்திருப்பான். அம்மா திரும்பும்போதெல்லாம் நகங்கள் ஒரு விரற்கடை முன்னுக்கு வந்திருக்கும்.

பெரியவன் வீமன், மஞ்சள் நிற லாப்ரடோர். பெயர் லாப்ரடோர் என்றாலும் அந்தச் சாதியின் மூதாதைகள் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர்களுடைய நாய்கள். உறைகிற கடலில் குதித்து வலையையும் கயிற்றையும் இழுத்து வந்தவை. தண்ணீர் ஒட்டாத அந்தத் தடித்த மயிர் ரொறன்ரோப் பனிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. வயிறு மட்டும் எதற்கும் அடங்காது. லாப்ரடோர் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, சாப்பிட்டது போதும் என்ற உணர்வோடு தொடர்புடைய மரபணு ஒன்றில் ஒரு துண்டு குறைவு என்று 2016 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தச் செய்தியை அண்ணா வாசித்துக் காட்டியபோது அம்மா வீமனின் தலையைத் தடவி, "பாத்தியா, பிள்ளைக்கு உண்மையாவே பசிச்சிருக்கு. நீங்கள்தான் பேராசை எண்டு பேசினீங்கள்" என்றார்.

சின்னவள் சின்னாச்சி. கைவிடப்பட்ட பிராணிகளை வைத்திருக்கும் இடத்தில் இருந்து தங்கை கொண்டுவந்த கலப்புக் குட்டி. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். திட்டம் போடுவது சின்னாச்சி, அகப்படுவது வீமன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்.

அம்மா நாயை வீட்டுக்குள் விட்டதே ஒரு அதிசயம். யாழ்ப்பாணத்து இளவாலையில் எங்கள் வீட்டு நாய் விறாந்தைக்கு அப்பால் வந்ததில்லை. சோறு போட வெளியே தனிச் சட்டி இருந்தது. மழை பெய்தால் மாட்டுக் கொட்டிலில் படுக்கும். அதற்கும் வீமன் என்றுதான் பெயர். நத்தார் இரவு புனித அன்னம்மாள் ஆலயத்துச் சாமப்பூசைக்கு நாங்கள் போகும்போது பின்னாலேயே வந்து, பூசை முடியும்வரை மதிலோரம் படுத்திருக்கும். 1995 ஒக்டோபர் 30 அன்று போருக்குத் தப்பி வலிகாமமே எழும்பி தென்மராட்சிக்கு நடந்தபோது அந்த வீமனும் எங்களோடு வந்தது. மழை. இலட்சக்கணக்கான சனம் ஒரே தெருவில். சைக்கிள்களும் கைக்குழந்தைகளும் கிழவர்களைத் தள்ளிவந்த வண்டில்களும் நெருக்கி நெருக்கி, ஒரு அடி வைக்க எவ்வளவோ நேரம் எடுத்தது. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டவாக நான் திரும்பிப் பார்க்கும்போது அதைக் காணவில்லை. அம்மா இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடவில்லை. பின்னால் இருந்து சனம் தள்ளிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் நாய் பற்றிக் கதைத்ததில்லை. கனடாவுக்கு வந்தும் பல வருடங்கள் அப்படியே போயின. 2006 மார்கழியில் அண்ணா ஒரு குட்டியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தபோது அம்மா இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாங்கள் ஆளுக்கொரு இங்கிலிஷ் பெயர் சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாட் காலையில் குசினியில் இருந்து, "வீமா, இஞ்சை வா, பால் குடி" என்று குரல் கேட்டது. அதன்பிறகு அந்த வீட்டில் நாய்க்குப் பெயர் தேடும் பேச்சே எழவில்லை.

அப்பாவுக்கு வேலை, எங்களுக்குப் படிப்பும் வேலையும். பகல் முழுவதும் அம்மாவோடு இருந்தவை நாய்கள்தான். ஆகவே அவை யாழ்ப்பாணத் தமிழில்தான் வளர்ந்தன. மிருக வைத்தியர் எவ்வளவு அன்பாக இங்கிலிஷில் சொன்னாலும் வீமன் அசையமாட்டான். அம்மா ஒருக்கால் "இரடா" என்றால் இருந்துவிடுவான்.

அந்த வைத்தியரிடம் நாங்கள் முதன்முறை ஓடியது கேக்கால்தான். சுற்றி முடித்த கேக் துண்டுகள் நிறைந்த பேணி உயரமான தட்டில் இருந்தது. கதிரையை யார் அலுமாரிப் பக்கம் நகர்த்தியது என்று இன்றுவரை தெரியாது. நாங்கள் கடையால் வந்தபோது பேணி நிலத்தில் கிடந்தது, வீமன் அதற்குள் தலையை விட்டிருந்தான், சின்னாச்சி நாலடி தள்ளிச் சாதுவாகப் படுத்திருந்தாள். முந்திரிகை வற்றல் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காரணம் திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று மிருக வைத்தியர்கள் சுட்டியது 2021 இல். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உடனே வாந்தி எடுக்கவைக்க வேண்டும் என்பதுதான். அம்மா காரின் பின் இருக்கையில் அவனை மடியில் கிடத்தி, சுகப்பட்டு வந்தால் புனித அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டே வந்தார். வீமன் பிழைத்தான். அடுத்த சில நாட்கள் பின்வளவு வெண்பனியில் சிவப்பும் பச்சையும் தங்கமுமாக மினுங்கல் கடதாசித் துண்டுகள் கிடந்தன. அம்மா ஒரு சொல் ஏசவில்லை. பாத்திரத்தைத் திரும்ப எடுத்து, ரவையை வறுக்கத் தொடங்கினார். அந்த ஆண்டு இரண்டாம் தரம் போட்ட கேக்கில்தான் கஜு தாராளமாக இருந்தது.

வருடத்தின் முதற் பனியை எங்களுக்கு அறிவிப்பது சின்னாச்சி. விடியப்புறம் யன்னலடியில் நின்று ஒருவித மெல்லிய குரலில் முனகுவாள். கதவு திறந்ததும் இரண்டும் பாயும். வீமன் மூக்கைப் பனிக்குள் புதைத்து உழுதுகொண்டே வேலிவரை போய்த் திரும்புவான். சின்னாச்சிக்குப் பனி கழுத்துமட்டும் நிற்கும், அதனால் அவன் உழுத தடத்திலேயே போய்வருவாள். அப்பா சவளோடு இறங்கி முன்பக்கத்தை வழித்து முடிக்க, நகரசபை வண்டி வந்து தெருப்பனியை மறுபடி எங்கள் வாசலில் குவித்துவிட்டுப் போகும். அவர் சலிக்காமல் திரும்பத் தொடங்குவார். வீமன் அவர் எறியும் ஒவ்வொரு சவள் பனியையும் ஆகாயத்திலேயே கவ்வப் பார்ப்பான். தெருவில் தூவும் உப்பு பாதங்களைச் சுடும். விரலிடுக்கில் பனி உருண்டு இறுகிப்போகும். கடையில் விற்கிற நாய்ச் சப்பாத்தை வாங்கிப் போட்டோம், ஒன்றைப் பனிக்குள் புதைத்தார்கள், மற்றதைத் தின்றார்கள். ஆகவே வாசலில் ஒரு சட்டி இளஞ்சுடுதண்ணீர் எப்போதும் இருந்தது. முழங்கால் வலியோடு குந்தியிருந்து எட்டுக் கால்களையும் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசுவது அம்மாவின் வேலை. வேறு யாரையும் செய்ய விடமாட்டார்.

கனடாவில் பிள்ளைகள் நத்தார் பாப்பாவுக்குக் கடிதம் போட்டால் தபாற் திணைக்களத்தின் தொண்டர்கள் பதில் எழுதுவார்கள். முத்திரை தேவையில்லை. அஞ்சற்குறியீடு எச் என்ற எழுத்தும் பூச்சியமும் மாறிமாறி வந்து, வாசித்தால் ஹோ ஹோ ஹோ என்று ஒலிக்கும். அண்ணாவின் மகள் ஒருமுறை வீமன் எழுதுவதாகவே கடிதம் போட்டாள். வந்த பதிலை அம்மா மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார்.

பாலன் குடில்தான் பெரிய போர்க்களம். இளவாலையில் குடில் கிடுகாலும் வைக்கோலாலும் ஆனது, மரம் என்றால் சவுக்கங் கிளை. பனியைக் கண்ணால் காணாத எங்கள் ஊரில் அந்தக் கிளையில் பஞ்சு ஒட்டிப் பனி என்று வைப்போம். ஸ்காபரோவில் யன்னலுக்கு வெளியே உண்மைப் பனி முழங்காலளவு கிடக்க, அம்மா மருந்துக்கடையில் பஞ்சு வாங்கிவந்து அதே மாதிரி ஒட்டுவார். பஞ்சில்லாமல் குடில் நிறையாது அவருக்கு. சின்னாச்சி அந்தப் பஞ்சை வாயில் அடக்கிக்கொண்டு வெண்தாடியோடு வீடெல்லாம் சுற்றுவாள். ஒரு ஆட்டுக்குக் காது போயிற்று. மூன்று அரசரில் ஒருவர் காலில்லாமல் வைக்கோலில் முண்டுகொடுத்து நின்றார். பாலனை இருபத்துநாலாம் திகதி நள்ளிரவில்தான் வைக்கவேண்டும் என்பதால் அதுவரை லாச்சிக்குள் பூட்டி வைத்திருப்பார். 2011 இல் சாமப்பூசைக்கு வெளிக்கிடும் அவசரத்தில் வெளியே எடுத்து மேசையில் வைத்தார். வந்து பார்க்கப் பாலனைக் காணவில்லை. அந்த வருடம் குடிலில் ஒரு சிறு மெழுகுதிரிதான் கிடந்தது. பங்குனிக் கடைசியில் பனி கரைய, பின்வளவுக் கொட்டிலின் மூலையில் ஒரு கை உடைந்த பாலன் வானத்தைப் பார்த்துக் கிடந்தார். அம்மா தன் சேலைத் தலைப்பால் துடைத்தபடி, "பிள்ளையைப் பனிக்கை விளையாடக் கூட்டிக்கொண்டு போயிருக்குதுகள்" என்றார். புது உருவம் வாங்கலாம் என்று தங்கை சொல்ல, சம்மதிக்கவே இல்லை.

2013 மார்கழியில் உறைமழை வந்தது. உயரத்தில் சூடான காற்றுப் படலம், நிலத்தை ஒட்டிக் கடுங்குளிர். மேலே உருகி மழையாக இறங்குவது தொட்ட இடத்திலேயே ஐஸாகிவிடும். சனிக்கிழமை இரவு முழுவதும் துவக்கு வெடிப்பதுபோல் கொப்புகள் முறிந்தன. ஞாயிறு விடிய ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்திருந்தன. எங்கள் தெருவிலும் கறண்ட் இல்லை. வீட்டுக்கு வெப்பம் தருவது காஸ் என்றாலும் அந்தச் சூட்டைத் தள்ளுகிற காற்றாடிக்கு மின்சாரம் வேண்டும். கரி அடுப்பை உள்ளே மூட்டவேண்டாம், நச்சுப்புகை ஆளைக் கொல்லும் என்று பற்றரி வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. நல்லகாலம், குசினி அடுப்பை நெருப்புக்குச்சியால் கொளுத்தச் சமைக்க முடிந்தது. மாமா வீட்டாரும் வந்து சேர, பாய், மெத்தை, போர்வை எல்லாவற்றையும் முன்னறையில் விரித்தோம்.

எங்களில் பதறாமல் இருந்தவர் அம்மா ஒருவர்தான். 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரமில்லாமல் குடித்தனம் நடத்தியவர். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன்னாக இருந்த நாட்களில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து அதில் ஒரு சொட்டு எண்ணெய் நனைத்துத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் எங்களைப் படிக்கவைத்தவர். குடிலுக்கு வாங்கிய பஞ்சில் மிச்சத்தை எடுத்தார், நல்லெண்ணெய் விட்டார், மூன்று போத்தல்களைக் கொளுத்தி வைத்தார். கனடாவில் பிறந்த பிள்ளைகள் வாய் பார்த்திருந்தார்கள்.

நத்தார் இரவும் கறண்ட் வரவில்லை. வெளியே வெப்பநிலை மைனஸ் பத்துக்கும் கீழே. தெருவெல்லாம் கண்ணாடி, சாமப்பூசைக்குப் போகமுடியாது. பன்னிரண்டு மணிக்கு நாங்களே செபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, ஒற்றைக் கைப் பாலனைக் குடிலில் வைக்கப் போனால், அங்கே சின்னாச்சி. குடிலின் வைக்கோல் முழுவதையும் தனக்குக் கீழே கூட்டிக்கொண்டு மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மாமி தூக்கப் போக, அம்மா கையைப் பிடித்துத் தடுத்தார். 1223 இல் அசிசி நகரப் பிரான்சிஸ், கிரேச்சோ என்ற மலையூரில் முதன்முதல் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும்தான் கொண்டுவந்து நிறுத்தினார் என்று நான் சொன்னேன். "பிறகென்ன, சுவாமிக்கும் சூடு வேணுமெல்லோ" என்று சொல்லி, பாலனை அவளுடைய வயிற்றோரம் வைத்துவிட்டார் அம்மா.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இருட்டில் அம்மாவின் கை தரையைத் தடவிக்கொண்டு போவது கேட்டது. முதலில் அப்பா, பிறகு பேரப்பிள்ளைகள், பிறகு வீமனின் முதுகு. எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பின் கை ஓயும். கொஞ்ச நேரத்தில் மீண்டும் தொடங்கும். வீமன் ஒவ்வொரு முறையும் வாலால் தரையில் ஒருமுறை தட்டினான். நாவற்குழிப் பாலத்தைப் பற்றி அம்மா எங்களிடம் ஒருநாளும் வாய்திறந்ததில்லை. கேக்குக்கும் பஞ்சுக்கும் பாலனுக்கும் ஏன் அவருக்குக் கோபம் வரவில்லை என்பது எனக்கு அந்த இரவில் விளங்கியது.

வீமன் 2018 இல் போனான். அடுத்த வருடம் அம்மா. சின்னாச்சி அதன்பின் குசினி வாசலை விட்டு எழும்பவில்லை, அதிக காலம் இருக்கவும் இல்லை. வீடு விற்றாயிற்று, அப்பா ஏஜாக்ஸில் தங்கையோடு. இங்கே நத்தார் காலை ஏழு மணிக்கு நிலத்தில் 2 சென்ரிமீற்றர் பனி கிடந்தால்தான் அது வெள்ளை நத்தார் என்று வானிலைத் திணைக்களம் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குக்கு எட்டாத ஈர நத்தார்கள் இப்போது எத்தனையோ வந்து போகின்றன. தங்கை கேக் போடுகிறாள். அளவுகள் எல்லாம் அம்மாவினுடையவை. பேணியை மேசையிலேயே திறந்து வைக்கலாம், எடுக்க ஆளில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

ஒற்றைக் கைப் பாலனை அப்பாதான் வைத்திருக்கிறார். இருபத்துநாலாம் திகதி இரவு அவர் லாச்சியைத் திறந்ததும் வாக்குவாதம் தொடங்கும். வீமன்தான் கொண்டுபோனான், பல்லின் அகலத்தைப் பார் என்பான் அண்ணா. சின்னாச்சியால்தான் அந்த மூலைக்குள் நுழைய முடியும் என்பாள் தங்கை. அப்பா உடைந்த கையை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு தீர்ப்புச் சொல்லுவார். போன முறை சின்னாச்சிதான் என்றார். அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை.