தாம்பரத்திலிருந்து தேரிக்காட்டுக்கு

நீண்ட இழை. சைக்கிள் ஓட்டாதவங்களும் படிக்கலாம். வீட்டில் யாராவது பி.பி. மாத்திரை சாப்பிடுறாங்கன்னா கட்டாயம் படிங்க.

தமிழ்நாட்டில் பாலைவனம் உண்டா? இல்லை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். முல்லையும் குறிஞ்சியும் காய்ந்துபோனால் அதுதான் பாலை என்று சிலப்பதிகாரமே சொல்லிவிட்டது. ஆனால் ஒருமுறை சாத்தான்குளத்திலிருந்து திருச்செந்தூர் பக்கமாகப் போய்ப் பாருங்கள். செக்கச்செவேலென்று மணல்மேடுகள். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சு இருப்பதால்தான் அந்த நிறம். தென்மேற்குப் பருவக்காற்று பல ஆயிரம் வருடங்களாக அள்ளிக் குவித்த மணல். இதுதான் தேரிக்காடு. பனை, முந்திரி, உடைமரம் எல்லாம் நிற்கும். புவியியல்காரர்கள் இதைப் பாலைவனம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நடுப்பகலில் அந்த மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவன் ஒத்துக்கொள்வான்.

நானும் என் பள்ளித் தோழனும் ஒரு பிப்ரவரியில் தாம்பரத்திலிருந்து அங்கே சைக்கிளில் போனோம். 650 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அவன் ரயில்வேக்காரன். வயது 49. ஆறு வருஷமா பி.பி. உண்டு, நல்ல கட்டுப்பாட்டில்.

ஆறு மாதம் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை, மற்ற நாளில் வேளச்சேரி சாலையில் மேடவாக்கம் வரை போய்த் திரும்புவது. நம்ம பக்கம் வியர்வை காயாது, சட்டையைப் பிழிந்தால் சொட்டும். தேரியில் நேர்மாறு. காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வியர்த்ததே தெரியாது, சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு மட்டும் இருக்கும்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் அவனை க்ளினிக்குக்கு வரச்சொல்லி, சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் மேஜையில் கொட்டச் சொன்னேன். பி.பி. மாத்திரை இரண்டு மருந்து சேர்ந்தது: டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும். இரண்டாவது, நம்ம ஆட்கள் ‘நீர் மாத்திரை’ என்பார்களே, அந்த வகை. சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றித்தான் பி.பி.யைக் குறைக்கும். நல்ல மருந்து, விலை குறைவு, லட்சக்கணக்கானவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு வாரம் வெயிலில் வியர்த்துக்கொண்டே போகப்போகிறவனுக்கு அது வேண்டாம். அவனுடைய டாக்டரிடம் பேசினோம். அவரும் ஒத்துக்கொண்டு அம்லோடிபினுக்கு மாற்றினார்.

ஜி.எஸ்.டி. சாலைப் பயணத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலை நாலு மணிக்குக் கிளம்பி விழுப்புரம், பெரம்பலூர், துவரங்குறிச்சி, விருதுநகர், திருநெல்வேலி என்று ஒவ்வொரு ராத்திரி ஒரு ஊர். லாரிக்காரர்கள் மரியாதையாகத்தான் ஒதுங்கினார்கள், ஆம்னி பஸ்கள்தான் எமன். வழியெல்லாம் இட்லி சாம்பார், பொங்கல், மத்தியானம் முழுச் சாப்பாடு, ஊறுகாய். அந்த உப்பு எங்களைக் காப்பாற்றிக்கொண்டே வந்தது.

அவன் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ‘தண்ணீர் குடி’ என்று பீப் அடிக்கும். ரயில்வேக்காரன் இல்லையா, சிக்னல் விழுந்தா மதிப்பான். “தாகம் எடுத்தா குடிடா போதும்” என்று தினமும் சொல்வேன். “நீ டாக்டர், உனக்கு எல்லாத்துக்கும் பயம்” என்பான்.

ஆறாம் நாள் சாத்தான்குளத்தில் தங்கினோம். லாட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு கருப்பட்டி மண்டி, அங்கே எலக்ட்ரானிக் தராசு. மறுநாள் காலை இருவரும் அதில் ஏறி எடை பார்த்தோம். நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இது: காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, அதே தராசில். அவன் 81.2 கிலோ.

பிறகு தேரிக்குள் போனோம். தார்ச்சாலை வரை சுகம். மணலில் இறங்கியதும் டயர் புதைந்தது. காற்றை இறக்கிப் பார்த்தோம், கொஞ்சதூரம் ஓடியது, அப்புறம் தள்ளுதான். வண்டியும் பையும் சேர்ந்து 25 கிலோ. ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் சறுக்கும். கடை எதுவும் இல்லை, கையில் வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான். வாட்ச் மட்டும் தவறாமல் பீப் அடித்தது.

முந்திரி நிழலில் ஒரு பனையேறும் பெரியவர் தூக்குச்சட்டியைத் திறந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கல் உப்பும் வெங்காயமும் சேர்த்து. என் நண்பன் பாட்டிலைக் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு, “தண்ணிய இப்பிடியா மடமடன்னு குடிக்கது? வெறுந்தண்ணில வயிறுதான் ரொம்பும் அண்ணாச்சி, இந்த நீத்தண்ணியக் குடிங்க” என்றார். நான் ஒரு செம்பு குடித்தேன். அவன் வேண்டாமென்றான். “வயிறு ஃபுல்லா இருக்கு மாப்ள.”

ஒரு மணிக்குத் தலைவலி என்றான். இரண்டு மணிக்கு வாந்தி, வெறும் தண்ணீர். பார்த்தேன், விரல் மோதிரம் சதையில் பதிந்திருந்தது. வாட்ச் வாரைக் கழற்றினால் மணிக்கட்டில் ஆழமான தடம். இனி ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று பாட்டிலைப் பிடுங்கினேன். தார்ச்சாலைக்கு வந்து, ஒரு லோடு ஆட்டோவில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிச் சாத்தான்குளம் வந்தோம்.

மண்டித் தராசில் நிறுத்தினேன். 82.6 கிலோ. நாள் முழுக்க வெயிலில் மணல் தள்ளியவன், சரியாகச் சாப்பிடாதவன், 1.4 கிலோ ஏறியிருக்கிறான். தராசை விட்டு இறங்கியவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: “சானடோரியம் தாண்டியாச்சா?”

தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன். அவன் மனதளவில் மின்சார ரயிலில் இருந்தான். 108-ஐக் கூப்பிட்டேன்.

பொதுவாக எல்லோரும் என்ன நினைப்பார்கள்? வெயில், வாந்தி, குழப்பம். சரி, நீர்ச்சத்துக் குறைவு, தண்ணி கொடு. இங்கே அது ஆபத்து. நீர் வற்றியவனுக்கு எடை குறையும், நாக்கு காயும், எழுந்து நின்றால் தலை சுற்றும். வெப்ப வாதம் என்றால் உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். இவன் உடம்பு தொட்டால் சில்லென்றிருந்தது. சர்க்கரை குளுக்கோமீட்டரில் 112. மீதி இருப்பது ஒன்றுதான்: ரத்தத்தில் சோடியம் இறங்கிவிட்டது.

எப்படி இறங்கும்? ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். நீண்டநேர உடலுழைப்பின்போது மூளை ஒரு ஹார்மோனைச் சுரந்து, தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. அந்த நேரத்தில் வெறுந்தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கும் உப்பு நீர்த்துப்போகும். தண்ணீர் செல்களுக்குள் நுழையும், மூளையும் வீங்கும். மண்டை ஓட்டுக்குள் வீங்க இடமில்லை. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு, மரணம் என்று வரிசையாக வரும்.

2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தில் எடை ஏறியவர்களுக்கே அது அதிகம். அதே ஓட்டத்தில் 28 வயதுப் பெண் ஒருவர் இதனால் இறந்துபோனார்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஓ.ஆர்.எஸ். கூட இந்த நிலைக்கு மருந்தில்லை. 1971-ல் பங்களாதேஷ் அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ் ஆயிரக்கணக்கான காலரா நோயாளிகளை அதை வைத்துத்தான் காப்பாற்றினார், அதன் மகத்துவத்தில் சந்தேகமே இல்லை. ஆனால் அது நீர் இழந்தவனுக்கு. அதில் சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோல், ரத்தத்தில் இருப்பதில் பாதிதான். ஏற்கெனவே தண்ணீர் ததும்பி நிற்கிறவனுக்கு அதுவும் தண்ணீர்தான்.

ஆம்புலன்ஸில் ஊசியை மட்டும் போட்டுவைக்கச் சொன்னேன், டிரிப் வேண்டாம் என்றேன். திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனை. சோடியம் 122. 3 சதவீத உப்புக் கரைசல் 100 மில்லி, பத்து நிமிஷத்தில். இன்னொரு முறை. அரைமணி நேரம் கழித்து போனில் மனைவி குரலை அடையாளம் தெரிந்துகொண்டான். அதற்குப் பிறகு மெதுவாக ஏற்றினார்கள். பல நாளாகக் குறைந்திருந்த சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதையும். இவனுக்கு எத்தனை நாளாக இறங்கிக்கொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாதே.

அதற்கான பதில் ராத்திரி கிடைத்தது. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த பையை நர்ஸ் திறந்தபோது பழைய மாத்திரை, அதான் நீர் மாத்திரை, அட்டை பாதி காலி. “மூணு அட்டை மிச்சம் இருந்துச்சு மாப்ள. வீணாப் போகக் கூடாதேன்னு தீர்த்துட்டு புதுசை ஆரம்பிக்கலாம்னு...” ஐ.சி.யூ. படுக்கையில் கிடப்பவனை என்னவென்று திட்டுவது?

இப்போ சைக்கிளை ஓரமா வையுங்க. இதே கதை கிழக்குத் தாம்பரத்திலும் சேலையூரிலும் ஏப்ரல், மே மாதங்களில் சைக்கிள் இல்லாமல் நடக்கிறது. எழுபது வயது அம்மா. பி.பி.க்கு நீர் மாத்திரை. நாலு நாளா பேதி, அல்லது உப்பு கூடாதென்று யாரோ சொன்னதால் கஞ்சியில்கூட உப்பில்லை. பிள்ளைகள் அன்போடு சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுப்பார்கள். திடீரென்று அம்மா சம்பந்தமில்லாமல் பேசுவார், நடை தள்ளாடும், தூங்கிக்கொண்டே இருப்பார். வயசாச்சு, மறதி என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பக்கவாதமா என்று பார்க்கும்போதே சோடியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி.பி. ஏறிப் பக்கவாதம் வந்தால் அது இதைவிட மோசம். அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போய், வெயில் காலத்துக்கு ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள், அது போதும். டாக்டர் மாற்றிக் கொடுத்தால் பழைய அட்டையை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

தண்ணீர் குடிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. வெயிலில் வேலை செய்பவர்கள், கட்டடத் தொழிலாளிகள் நிறையக் குடிக்கத்தான் வேண்டும், கூடவே உப்புள்ள சாப்பாடு, மோர், நீராகாரம். வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது, ஞாபகப்படுத்த வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு அவரவர் டாக்டர் சொன்ன அளவு. நாலு மணி நேரம் ஓடும் ஆட்களுக்குத் தாகத்தை நம்பச் சொல்லி 2015-ல் சர்வதேச நிபுணர் குழுவே பரிந்துரைத்திருக்கிறது. ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு ‘தினம் ஐந்து லிட்டர் சவால்’ எடுப்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, லிஃப்ட் பக்கத்தில் பாத்ரூம் இருக்கட்டும்.

அவன் மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். சைக்கிள்கள் பார்சலில் வந்தன, நாங்கள் ரயிலில் வந்தோம். இப்போது ஜோத்பூரிலிருந்து பொக்ரான் வழியாக ஜெய்சல்மேர், உண்மையான பாலைவனம், போகலாம் என்று நச்சரிக்கிறான். சரி என்றிருக்கிறேன், ஜனவரியில். வாட்ச்சில் அந்த பீப்பை அணைத்துவிட்டான். மாத்திரைப் பையை அவன் மனைவி கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.