கோரைக் கிழங்கு

"எல்லாவற்றையும் அறுத்து எடுத்தார்களே, மறுபடி எங்கிருந்தடி முளைத்தது?" என்று கேட்டாள் அக்கா. மார்பில் வந்த புற்று போய், ஆறு வருஷம் நிம்மதியாக இருந்தவள்.

தோட்டத்தில் கோரை பிடுங்கியவர்களுக்குத் தெரியும்: புல் கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணில் தங்கிவிடும். புற்றிலும் அப்படிச் சில தாய் அணுக்கள் உண்டாம். 2003-ல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையார் அவற்றில் வெறும் 100 அணுக்களை எலிக்குள் செலுத்தினார்கள், கட்டி வளர்ந்தது. மற்ற அணுக்களைப் பதினாயிரக்கணக்கில் செலுத்தியும் வளரவில்லை!

இந்தத் தாய் அணுக்கள் சாகாமல் கிடக்க, பக்கத்து அணுக்கள் சேதி அனுப்புகின்றன. 'நாட்ச்' அதில் ஒன்று. கர்ப்பத்தில் சிசுவின் அங்கங்கள் அமைய உதவுவதும் இதே சேதிதான் என்றால் நம்புவீர்களா? சேதியைத் தடுக்க மருந்து கொடுத்தார்கள். குடலும் அதையே நம்பிப் பிழைப்பதால் வயிற்றுப்போக்குக் கண்டது. விட்டு விட்டுக் கொடுத்தும் பார்த்தார்கள். மார்புப் புற்றுக்கு இன்னும் அது கைகொடுக்கவில்லை.