கத்திப் பிடியில் ஒரு சித்திரம்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றால் கல்முனையை அடையலாம். கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், இடையே தென்னைகளும் வீடுகளும். முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இந்நெய்தல் மருத நிலத்தில், மீன் அரிவதற்கும் காய் நறுக்குவதற்கும் கத்தி வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானிக்கும் கூரிய கத்தி இன்றியமையாதது.

கத்தி வாங்குவோர் அலகின் கூர்மையையே நோக்குவர். பிடியை நோக்குவார் சிலரே. மீனின் வழும்பும் நீரும் படிந்த கையில் வழவழப்பான பிடி நழுவினால், அலகு விரலையே பதம்பார்த்துவிடும். ஆதலின் பிடியின் சொரசொரப்பு அழகுக்கு முன்னர்க் காவலாகும்.

ஜப்பானியர் தம் வாட்பிடிகளில் திருக்கைத் தோலைப் பொதிந்தனர். மணிமணியாய் விளங்கும் அத்தோல் அழகையும் பிடிமானத்தையும் ஒருங்கே தந்தது. கண்டி நாட்டுக் கம்மியர் தந்தத்தாலும் கொம்பாலும் பிடி சமைத்து வெள்ளி பதித்தனர். அக்காலக் கலைத்திறனை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். இன்றோ யானைத் தந்தமும் கடலாமை ஓடும் சட்டத்தால் விலக்கப்பட்ட பொருள்கள். உயிர்களுக்கு ஊறு செய்யாமல் பிடியை அழகுசெய்ய வழியில்லையா?

நம் தென்னையைப் பாருங்கள். வயிரம் புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும், அகத்தே அமைந்தவற்றை மரம் என்றும் வகுத்தார் தொல்காப்பியர். தென்னையும் பனையும் அவ்வகையிற் புல்லே. முதிர்ந்த தென்னையின் புறவயிரத்தில் கருநிற நார்கள் செறிந்திருக்கும். நெடுக்காக அறுத்தால் அவை கோடுகளாகும். குறுக்காக அறுத்தால் புள்ளிகளாகும். சாய்வாக அறுத்தால் மழைத்துளி போன்ற கீற்றுகளாகும். கம்மியன் செய்வதெல்லாம் எப்பக்கம் அறுப்பதென்று தேர்ந்துகொள்வதே.

நன்கு உலர்ந்த துண்டிலே துளையிட்டு, உருக்கிய அரக்கை வார்த்து, அலகின் அடிமுனையைச் செருகிப் பூணிட்டால் பிடி உறுதிபெறும். பின்னர்த் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தல் போதும். மிகையாக மெருகேற்றினால் நாரின் சொரசொரப்பு மறைந்து கை வழுக்கும்.

கடைகளில் பிளாஸ்ரிக் பிடிக் கத்திகள் மலிந்துள்ள இக்காலத்தில், பெரியோர் துணையுடன் மாணவர் பயிலத்தக்க எளிய கைத்தொழில் இது. வீழ்ந்த தென்னையை அடுத்தமுறை விறகுக்காகப் பிளக்கும்போது, புறவயிரத்தில் அரைமுழத் துண்டொன்றை எடுத்து நிழலில் உலர வையுங்கள்.