பயம் வளர்க்கும் வலி

தாராவியில் பல் டாக்டராக இருப்பவருக்கு முதல் எதிரி சொத்தை அல்ல, பயம். மாட்டுங்காவிலிருந்து வரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும், என் கிளினிக் இருக்கும் தெருவில் இட்லி அவித்து விற்கும் அம்மாளும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "வலிக்குமா?"

இட்லி அம்மாள் கூடுதலாக ஒன்று கேட்டார்: "மேல்பல்லைப் புடுங்கினா கண்ணு போயிருமாமே டாக்டரம்மா?" திருநெல்வேலியிலிருந்து தாராவிவரை கூடவே வந்துவிட்ட நம்பிக்கை இது. பல்லின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போகாது.

இந்தப் பயத்திலேயே அவர் ஆறு மாதத்தைக் கடத்தியிருந்தார். முதலில் கிராம்பு, பிறகு மிஸ்ரி. வறுத்துப் பொடித்த புகையிலையான மிஸ்ரியை மகாராஷ்டிரத்தில் பல பெண்கள் பல்பொடியாகவே தேய்க்கிறார்கள். வலி சற்று அடங்கும், பழக்கம் அடங்காது. வாய்ப் புற்றுநோய்க்கு அது ஒரு வாசல். மாநில அரசு 2012ல் குட்காவைத் தடை செய்தது. மிஸ்ரி டப்பா மட்டும் பல வீடுகளில் அலமாரியை விட்டு நகரவில்லை.

தள்ளிப்போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும். மரத்துப்போக நாங்கள் போடும் லிக்னோகெய்ன் அங்கே நரம்புக்குள் சரியாக நுழையாது. "ஊசி போட்டும் வலித்தது" என்று சிலர் சொல்வது பொய்யல்ல. பயந்து தாமதித்தவருக்குத்தான் அதிகம் வலிக்கிறது. அவர் கதையைக் கேட்டுத் தெருவே பயப்படுகிறது.

இதை உடைக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. முதலில் ஈறில் மரக்கவைக்கும் ஜெல் தடவி இரண்டு நிமிடம் காத்திருப்பேன். ஊசி மருந்தை மெதுவாகச் செலுத்துவேன். "வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன்" என்பேன். தூக்கினால் நிறுத்தியே ஆகவேண்டும். ஒருமுறை வாக்குத் தவறினால் அந்த நோயாளி மறுபடி வரமாட்டார். இட்லி அம்மாள் ஒரே ஒரு முறைதான் கையைத் தூக்கினார், நிறுத்துகிறேனா என்று பார்க்க!

பல் எளிதாகவே வந்தது. என் கவலை அவர் ஈறிலிருந்த வெள்ளைத் திட்டைப் பற்றி. பரேலிலுள்ள டாடா மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஒருநாள் வியாபாரம் போகுமே என்று தயங்கினார்; மகன் அழைத்துப் போனான். புற்றல்ல என்று முடிவு வந்தது. மிஸ்ரியை விட்டாரா? "பாதி விட்டாச்சு" என்கிறார். மீதிப் பாதிக்காக மாதம் ஒருமுறை அவர் வாயைத் திறந்து பார்க்கிறேன்.

வலிக்காத திட்டும், இரண்டு வாரமாக ஆறாத புண்ணும் யாரையும் டாக்டரிடம் துரத்துவதில்லை. பயப்படவேண்டியது அவற்றுக்குத்தான், ஊசிக்கு அல்ல.