கூத்தாண்டவர் ஏற்ற பிள்ளைகள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே உள்ள கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் கொண்டிருக்கிறார். அருச்சுனனுக்கும் நாககன்னிகையான உலூபிக்கும் பிறந்த அரவானே இத்தலத்து மூர்த்தி. பாரதப் போரில் பாண்டவர் வெற்றி பெறும் பொருட்டுக் களப்பலியாக முன்வந்த அவ்வீரன், உயிர் துறக்குமுன் மணவாழ்வு காண விரும்பினான். மறுநாள் மாளப் போகிறவனுக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வரவில்லை. கண்ணபிரானே மோகினி வடிவெடுத்து அவனுக்கு மாலையிட்டார் என்பது தமிழகத்தில் வழங்கிவரும் மரபுக் கதை.

சித்திரைத் திருவிழாவில் பல மாநிலங்களிலிருந்தும் திருநங்கையர் இவ்வூருக்குத் திரளாக வருகின்றனர். பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொண்டு அரவானின் மணமகளாகிறார்கள். மறுநாள் தேரோட்டத்தையடுத்துத் தாலியை அறுத்து, வளையல்களை உடைத்து, வெண்புடவை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். அவ்வழுகை வெறும் சடங்கு மட்டுமன்று. பலருக்கும் அது பிரிந்து வந்த தாய், தந்தையரையும் பிறந்த வீட்டையும் எண்ணி அழும் அழுகையாகவும் இருக்கிறது.

அங்கு வரும் இளையோரில் பலர் பதின்பருவத்திலேயே வீட்டைத் துறக்க நேர்ந்தவர்கள். ஆணாகப் பிறந்த குழந்தை தன்னைப் பெண்ணாக உணர்கிறது. நடையும் பேச்சும் மாறுகின்றன. பள்ளியில் ஏளனம், தெருவில் சிரிப்பு, வீட்டில் அடி. ஒரு நாள் அப்பிள்ளை கிளம்பிவிடுகிறது. மூத்த திருநங்கை ஒருவர் அதனை மகளாக ஏற்றுக்கொள்கிறார். பெற்ற வீடு கைவிட்ட கடமையை முன்பின் அறியாத ஒருவர் ஏற்பதே அச்சமூகத்தின் வழக்கமாகியிருக்கிறது.

தமிழ் மரபு இவர்களை அறியாததன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இத்தகையோரைக் குறிக்கும் பெயர்களுக்கு இலக்கணம் வகுத்தபோது, அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணை ஈறுகளையே அவை பெறும் என்றும் விதித்தார். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்று, காமன் ஆடிய பேடிக்கூத்து. விராட நகரில் அருச்சுனன் பிருகன்னளையாக ஓராண்டு வாழ்ந்து, இளவரசி உத்தரைக்கு ஆடல் கற்பித்தான். திருச்செங்கோட்டில் இறைவன் ஒரு பாதி ஆணாகவும் மறு பாதி பெண்ணாகவும் நின்று அருள்கிறான். ஐயப்பன் அவதாரத்திற்கு மோகினி வடிவம் வேண்டியிருந்தது. இக்கதைகள் இன்றைய கேள்விகள் அனைத்திற்கும் விடை தந்துவிடுகின்றன என்று சொல்ல இயலாது. ஆயினும் இவ்வடிவங்களின் முன் கைகூப்பி நின்றவர், கோயில் வாசலில் ஒரு திருநங்கையைக் கண்டு முகம் சுளிப்பது பொருந்துமா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இலக்கணம் உயர்திணையில் வைத்தவர்களை ‘அது’, ‘இது’ என்று அஃறிணையாக்கியது பிற்காலத்துப் பேச்சு. அதற்குத் திரைப்படங்களும் துணை நின்றன. கைதட்டி வழிமறிப்பவராகவும், நகைச்சுவை நடிகரின் கேலிக்கு ஆளாகும் பாத்திரமாகவுமே அவர்கள் நெடுங்காலம் காட்டப்பட்டனர். அரங்கம் சிரித்தது. அந்த இருட்டில் தன் இயல்பை எவரிடமும் சொல்ல இயலாமல் அமர்ந்திருந்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அச்சிரிப்பிலிருந்து தமக்குக் காத்திருப்பது இன்னதென்று அவர்கள் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

சட்டம் மெல்ல மாறி வந்திருக்கிறது. 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்று, தம் பாலினத்தைத் தாமே கூறும் உரிமையையும் உறுதி செய்தது. மறு ஆண்டே ரிசர்வ் வங்கி, கணக்குத் தொடங்கும் படிவங்களில் மூன்றாம் பாலினத்திற்கும் இடம் தருமாறு வங்கிகளைப் பணித்தது. ஒரே பாலினத்தவரிடையே தோன்றும் அன்பைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் பகுதி. வயது வந்தோர் இருவர் மனமொத்து வாழ்வது அப்பிரிவின்கீழ்க் குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், அத்தகைய இணையரின் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு வழங்க 2023-இல் அந்நீதிமன்றம் இசையவில்லை.

இவற்றுள் பெரியோர் சிறப்பாக அறிய வேண்டியது சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஜூன் 7 ஆணை. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்த இளம்பெண்கள் இருவர் பாதுகாப்பு வேண்டி வழக்குத் தொடுத்தனர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் குறித்துத் தமக்குப் போதிய தெளிவில்லை என்பதை வெளிப்படையாகக் கூறி, உளவியல் வல்லுநரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்த பின்னரே ஆணை வழங்கினார். ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்கும் அவ்வாணை தடை விதித்தது. உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவர் கற்றுக்கொள்ள முன்வந்ததால் அவர் மதிப்பு குறையவில்லை. எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் தம் பேரப்பிள்ளையிடம், “எனக்குப் புரியவில்லை, சொல்லப்பா” என்று கேட்பதாலும் குறைந்துவிடாது.

மூத்தோரின் அச்சங்கள் பொய்யானவை அல்ல. வம்சம் தழைக்க வேண்டும், உறவினர் முன் தலைகுனிய நேரக்கூடாது, பிள்ளை தனித்துப் போய்விடக்கூடாது என்பன அன்பிலிருந்தும் பிறக்கும் கவலைகளே. ஆனால் அக்கவலை பரிகாரம் தேடி ஓடும்போது தீங்காகிறது. உலகச் சுகாதார நிறுவனம் தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990-லேயே நீக்கிவிட்டது. நோயல்லாத ஒன்றுக்கு மந்திரிப்பதும், விரதம் இருக்கச் செய்து வருத்துவதும் பக்தியாகா. “ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று மணம் முடித்து வைப்பது அதனினும் பெரிய பாவம். அங்கே பலியாவது ஒரு பிள்ளையன்று. ஏதுமறியாமல் கழுத்தை நீட்டிய மற்றொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வும்தான்.

ஏற்பதால் விளையும் நன்மைக்கு நர்த்தகி நடராஜின் வாழ்வே சான்று. மதுரையில் பிறந்து, இளம் வயதிலேயே வீட்டைப் பிரிய நேர்ந்த அவரைத் தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளை மாணவியாக ஏற்றார். நர்த்தகி என்ற பெயரையும் சூட்டினார். பழைய மரபில் ஊறிய அந்த ஆசான் அவரிடம் கண்டது கலையையும் உழைப்பையும். 2019-இல் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2021-இல் தமிழ்நாடு மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் உறுப்பினரானார். கதவைத் திறந்த ஒரு முதியவரால் பரதக்கலை அடைந்த பேறு இது.

வீட்டுப் பெரியவரின் சொல்லுக்கு இன்றும் வலிமை உண்டு. தந்தை சினந்து நிற்கும் வேளையில், “அவன் இங்கேதான் இருப்பான், நம்முடன்தான் சாப்பிடுவான்” என்று தாத்தா ஒரு வார்த்தை சொன்னால் வீடு அடங்கும். மகளாக வாழ விரும்பும் பிள்ளையைப் பாட்டி ஒரு முறை “அம்மாடி” என்று அழைத்தால், அந்தப் பிள்ளை ஊரின் ஏளனத்தைத் தாங்கிக்கொள்ளும். எல்லாம் புரிந்த பின்னர்தான் ஏற்க வேண்டும் என்பதில்லை. உண்ணச் சோறும், படுக்க இடமும், படிப்பு நிற்காதிருக்கும் உறுதியும் முதலில் கிடைக்கட்டும். புரிதல் பின்னால் வரும்.

அடுத்த முறை கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போது, வீட்டை விட்டுப் போன பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம். அப்பிள்ளை இப்போது தனக்கென வைத்துக்கொண்டிருக்கும் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயராலேயே சொல்வது இன்னும் நன்று. பிரசாதத்தை மடித்து வைத்துக்கொண்டு, அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து, வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளுமாறு சொல்லலாம்.